வைக்கோலுக்குள் ஒரு தட்டு

"இன்னொரு பழைய தட்டு இந்த வீட்டுக்குள்ள வந்தா, ஒண்ணு அது இருக்கும், இல்ல நான் இருப்பேன்!"

என் மனைவி மினர்வா இப்படிச் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் ஒன்று வாங்கிவிட்டேன்.

என்ன செய்வது? செம்மண் தட்டு. நடுவில் மஞ்சள் களிமண் குழம்பால் இழுத்த நெளிகோடு. அடியில் கொள்ளுத்தாத்தா காலத்து அடுப்புக் கரி. பென்சில்வேனியாவில் எங்கள் பக்கத்தில் பிறந்த எவனுக்கும் அதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

திட்டம் பிரமாதம். சமையலறைச் சுவரில் மினர்வா சந்தையில் வாங்கிய புதுத் தட்டுகள் இரண்டு தொங்கின. அதே செம்மண், அதே நெளிகோடு. ஒன்றைக் கழற்றிக் கொட்டகை வைக்கோலுக்குள் ஒளித்தேன். அந்த ஆணியில் என் பழசை மாட்டினேன். கண்ணெதிரே தொங்குவதை யார் தேடப் போகிறார்கள்?

சனிக்கிழமை காலை சுவரில் ஒரு தட்டுதான் இருந்தது. இன்னொன்று மேசைமேல், ஆப்பிள் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் நிறைய, ஆவி பறக்க! சுவர்த் தட்டைத் திருப்பினேன். கரி இல்லை. அப்படியானால் அடுப்புக்குள் போய் வந்தது என் பொக்கிஷமா? விரிசல் விட்டிருக்குமோ? தூக்கிப் பார்க்கலாமென்றால் கை சுட்டது. கவிழ்த்தால் எல்லாம் கொட்டும். வேறு வழியில்லை, கரண்டியை எடுத்தேன். நாக்கு வெந்து போனது. முழுவதையும் தின்று, தட்டைத் திருப்பினேன்.

அதிலும் கரி இல்லை!

"என்னய்யா, மொத்தப் பலகாரமும் காலியா?" வாசலில் மினர்வா.

"பசி."

"இப்பதானே சாப்பிட்ட?"

"மறுபடியும் பசி."

"தட்டை ஏன் தலைகீழாப் பாக்கிற? அடியிலயும் ஒட்டியிருக்கான்னா?"

"சும்மா... சுத்தமா இருக்கான்னு."

"நீ? சுத்தம்? சரிதான். காலைல முட்டை எடுக்கப் போனேன். நம்ம கோழி வைக்கோல்ல தட்டு போட்டு வச்சிருக்கு. எடுத்துட்டு வந்து மாட்டிட்டேன்."

"அப்போ அந்த ஆணியில இருந்தது?"

"எது?"

காலிக் கரண்டியை நக்கினேன்.

"அந்தக் கரி பிடிச்சதா? தீயணைப்பு நிலையத்துக்கு நிதி திரட்டறாங்களே, அந்த ஏலத்துக்குக் குடுத்துட்டேன். உன்னோடது இல்லியே?"

"என்னோடதா? சேச்சே!"

சாயங்காலம் ஏலத்துக்கு ஓடினேன். பின்வரிசையில் பதுங்கிக் கையைத் தூக்கினேன். முன்வரிசையில் ஒரு கை விடாமல் போட்டி போட்டது. நானும் விடவில்லை. கடைசியில் என் தட்டை நானே, முதல் தடவையைவிட அதிக விலைக்கு வாங்கினேன். முன்வரிசைக் கைக்காரி திரும்பிச் சிரித்தாள்.

மினர்வா.

"தீயணைப்பு வண்டிக்குப் புது டயர் வேணுமாம்," என்றாள். "நீ விடமாட்டேன்னு தெரியும். எடுத்துட்டு வா. ஆனா வீட்டுக்குள்ள இல்ல, கொட்டகையில வை."

இப்போது என் பொக்கிஷத்தில் கோழிகள் தண்ணீர் குடிக்கின்றன.