கரையான் பார்க்க வந்த சித்தப்பா

திண்டுக்கல்லில் வீடு வாங்கப் போகிறவர் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். போர்வெல் தண்ணீர் சித்திரையில் வற்றுமா, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்காரரா, பத்திரத்தில் வில்லங்கம் உண்டா, எதற்கும் பதில் கிடைக்கும். ஆனால், "மரத்தில் கரையான் இருக்கிறதா என்று ஆளை வைத்துப் பார்க்கட்டுமா?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் பல்லை எண்ண அனுமதி கேட்டதுபோல முகங்கள் மாறிவிடும்.

சூசை மாணிக்கம் ஐயாவின் வீட்டுக்கு எங்களுக்கு முன்னால் வந்த ஒருவர், வாசல் நிலையைச் சாவியால் சுரண்டிப் பார்த்தாராம். காபி வருவதற்குள் அவரைத் தெருவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தரகர் எச்சரித்திருந்தார். எங்களுக்கோ அந்த வீடு வேண்டும். ஓட்டுக்கூரை, நடுவில் முற்றம், அத்தனை மரமும் பர்மாத் தேக்கு (ஐயாவின் வாக்குமூலம்). என் மனைவி ஸ்டெல்லா தையல் மெஷினை எந்த ஜன்னலோரம் போடுவது என்பதுவரை முடிவு செய்துவிட்டாள். இரண்டு வாத்தியார் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போகப்போகிறது. வாங்கிய பிறகு கூரை தூளாகக் கொட்டினால் இன்னொரு வீடு இந்தப் பிறவியில் இல்லை.

ஆகவே ஒரு திட்டம் தீட்டினேன். (சரித்திரம் அதிகம் படிப்பவர்களுக்கு வரும் வியாதி. மாறுவேடம் போட்டால் எந்தக் கோட்டைக்குள்ளும் நுழைந்துவிடலாம் என்று தோன்றும்.) கரையானுக்கு மருந்தடிக்கும் முருகேசனை என் சித்தப்பா என்று சொல்லி உள்ளே கூட்டிப் போய்விடுவது.

முருகேசன் என்னைவிட இளையவர். சித்தப்பா இளையவராக இருக்கக் கூடாதென்று சட்டமில்லையே. பெயரை ஆரோக்கியசாமி என்று மாற்றினேன், ஊரை வடமதுரை ஆக்கினேன். செத்து மல்லாந்த பூச்சிப் படம் போட்ட அவருடைய கம்பெனிச் சட்டையைக் கழற்றவைத்து, என் வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டேன். "சார், பொய் சொன்னா எனக்கு வேர்த்து ஊத்திரும்" என்றார். தலையை மட்டும் ஆட்டினால் போதும் என்று தைரியம் சொன்னேன்.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு அது. (அதற்கும் முந்தைய ஞாயிறு என்பாள் ஸ்டெல்லா. தவறு. நோன்புக்கு முன் கடைசி ஞாயிறு என்று சொல்லித்தான் அந்த வீட்டில் ஆட்டுக்கறி எடுத்து எங்களையும் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள்.)

முதலில் நன்றாகத்தான் போயிற்று. சித்தப்பா காற்று வாங்குகிறவர்போல அறை அறையாக நடந்தார். தூண்களை விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். பழைய மரம் என்றால் அவருக்கு உயிர் என்று நான் பின்பாட்டுப் பாடினேன். பின்னறையில் ஐயாவின் மகள், பிரசவத்துக்கு வந்தவள், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளையைப் பார்க்கும் சாக்கில் அங்கும் நுழைந்தார். பிள்ளையைப் பார்க்கவில்லை. சேலைத் தொட்டில் தொங்கிய உத்தரத்தையே அண்ணாந்து பார்த்தார். பிறகு மூலையிலிருந்த துணி காயப்போடும் கம்பை எடுத்து மெல்லக் குத்தினார்.

"என்னத்துக்கு உங்க சித்தப்பா எங்க வீட்டுல ஒட்டடை அடிக்கிறாரு?" என்று கேட்டார் ஐயாவின் மனைவி லூர்து அம்மா.

சுத்தம் பார்க்கிறவர் என்றேன். திரும்பி வந்த சித்தப்பாவின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என் கையைக் கிள்ளினார். அப்புறம் என்று கண்ணைக் காட்டினேன்.

அதற்குள் லூர்து அம்மா விசாரணையைத் தொடங்கிவிட்டார். நம் ஊரில் ஒருவரை உறவினர் என்று அறிமுகப்படுத்தினால் அவருடைய வேரைத் தோண்டாமல் சோறு போட மாட்டார்கள் என்பதை என் திட்டத்தில் நான் சேர்க்கவில்லை. வடமதுரையில் யார் மகன் என்றார், எந்தத் தெரு என்றார். மேற்குத் தெரு என்று முனகினார் முருகேசன்.

"மேக்குத் தெருவுல நம்மாளுக ஒரு வீடுகூடக் கெடையாதே, அப்பு."

இலை போட்டுவிட்டார்கள் என்ற குரல் எங்களைக் காப்பாற்றியது. காப்பாற்றியது என்றுதான் நினைத்தேன். எல்லோரும் உட்கார்ந்ததும் சூசை ஐயா சொன்னார்: "வயசுல சின்னவரா இருந்தாலும் மொறைக்கு நீங்கதான் பெரியவரு. ஜெபத்தை நீங்களே சொல்லுங்க, சித்தப்பா."

அவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். இப்போதுதானே பேசினார் என்றார் லூர்து அம்மா.

முருகேசன் பழனி மலைப்படியில் நிற்பவர்போல இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பினார்.

"ஆண்டவரே, இந்தச் சோறு, கறிக்கொழம்பு எல்லாத்துக்கும் நன்றி. இம்புட்டு நல்ல மனுசங்க வீட்டுல பொய் சொல்லி உக்காந்திருக்கேன், மன்னிச்சிரு. பின்னறை உத்தரத்தைப் பூராம் கரையான் தின்னுருச்சு, மேல பெயின்ட்டு மட்டுந்தான் நிக்குது. அந்தப் பச்சப்பிள்ளைய மறுபடி தொட்டில்ல போட விட்டுராத, சாமி. மத்த ரூமெல்லாம் பரவால்ல."

எப்படி முடிப்பது என்று தெரியாமல் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

இலைக்கு அடியில் புகுந்துகொள்ள முடியுமா என்று நான் பார்த்தேன். சூசை ஐயா எழுந்து பின்னறைக்குப் போனார். கம்பு முட்டும் சத்தம், பிறகு பொலபொலவென்று ஏதோ கொட்டும் சத்தம். தலை நிறைய மண்ணும் மரத்தூளுமாகத் திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

"வாத்தியாரே, யாரு இவரு?"

சொல்லிவிட்டேன். தெருவுக்குப் போகத் தயாராகச் செருப்பு எந்தப் பக்கம் என்று கண் தேடியது. ஐயா தலையிலிருந்த தூளைத் தட்டிவிட்டார்.

"நேரா கேட்டிருந்தீருன்னா, வெரட்டித்தான் விட்டிருப்பேன். அதை நெனச்சாத்தான்யா கொல நடுங்குது."

லூர்து அம்மா தொட்டிலை அவிழ்த்து அந்தச் சேலையைச் சுருட்டி மார்போடு வைத்துக்கொண்டு வந்தார். முருகேசன் பக்கத்தில் அமர்ந்து, அவர் இலையில் கறியை அள்ளி வைத்தார். "சாப்டு அப்பு. நீ யாரு மகனா வேணாலும் இருந்துட்டுப் போ."

எனக்கும் கறி கிடைத்தது. (எலும்பு.)

பின்னறை உத்தரம் மட்டும் எந்தக் காலத்திலோ யாரோ மாற்றிப் போட்ட மலிவு மரமாம். ஐயா அதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டு, வீடு முழுக்க முருகேசனையே மருந்தடிக்கச் சொல்லி, அதன் பிறகுதான் எங்களுக்குக் கிரயம் செய்துகொடுத்தார். அந்த அறையில்தான் இப்போது படுக்கிறோம். அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் நன்றி சொல்லத் தோன்றுகிறது, என் முட்டாள்தனத்துக்கும் சேர்த்து.

அந்தப் பிள்ளை மரியா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். எங்கள் இரண்டு குடும்பங்களும் சேர்ந்து உண்ணும்போதெல்லாம் ஆமென் சொன்ன கையோடு எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். சிரிப்புக்காகத்தான் ஆரம்பித்தது. போன கிறிஸ்துமஸ் விருந்துக்கு வந்திருந்த புதிய பங்குத் தந்தை அதைப் பார்த்துத் திகைத்து, இது எந்தச் சபையின் வழக்கம் என்று கேட்டார்.

மரியாதான் பதில் சொன்னாள்:

"சித்தப்பா சபை, சாமி."