என் காருக்கு நம்பர் வாங்கப் போன அன்று

படிக்கத் தெரியாத காகிதத்தை நம்புவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. ரப்பர் ஸ்டாம்ப் இருந்துவிட்டால் கண்ணிலேயே ஒற்றிக்கொள்வேன். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தப் புத்தி என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

அப்போது நான் ரெட்டியார்பாளையத்தில் மெக்கானிக். ரிப்பேருக்கு வந்த ஒரு முதலாளியின் வெளிநாட்டுக் காரைப் பார்த்துப் பித்துப் பிடித்து, அதே மாதிரி ஒன்றை நானே கட்ட ஆரம்பித்தேன். பிரெஞ்சுக்காரன் காலத்துக் கார் ஒன்றின் சேஸிஸ் காயலான் கடையில் கிடைத்தது. இன்ஜின் பழைய ஜீப்பினுடையது. பின்சீட்டு சினிமாக் கொட்டகையினுடையது (சாய்ந்தால் சீட்டு நம்பர் தகடு முதுகில் குத்தும்). கடைக்காரர் பிரெஞ்சில் டைப் அடித்த ஒரு காகிதத்தையும் சேர்த்துக் கொடுத்தார்.

"ஒரிஜினல் பேப்பர் தம்பி. பத்திரமா வெச்சிக்க."

நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் சூடம் காட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் கலாவைப் பெண் பார்த்தோம். அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். மாப்பிள்ளைக்குச் சொந்தக் கார் இருக்கிறது என்று தரகர் அளந்துவிட்டிருந்தார். (நானும் மறுக்கவில்லை.) கலாவின் அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"வண்டிக்கு மொதல்ல நம்பர் வாங்குங்க. அப்புறம் தட்டு மாத்திக்கலாம்."

ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அவரும் கூடவே வந்தார். இன்ஸ்பெக்டர் பிரேக்கை மிதித்தார், ஹாரன் அடித்தது. அதைக்கூட மன்னித்தார். சேஸிஸ்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து நம்பரை எடுத்தார். என் மஞ்சள் காகிதத்து நம்பரோடு அட்சரம் பிசகாமல் ஒத்துப்போனது. நான் வருங்கால மாமனாரை ஒரு பார்வை பார்த்தேன், கலெக்டர் தோற்றார்.

"நம்பர் சரிப்பா. மீதி என்னா எழுதியிருக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்க மாமாவே படிப்பாரு சார்."

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடியும் படித்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இந்த வண்டி ஓட்ட லாயக்கில்லாம போயிடிச்சி, ஒடச்சிப் போட்டாச்சி, இனிமே ரோட்டுக்கு வராதுன்னு ஓனரே எழுதிக் குடுத்திருக்காரு." கண்ணாடியைக் கழற்றினார். "இது கருமாதிப் பத்திரிகை மாப்ள. மஞ்ச வேற தடவி வெச்சிருக்கீங்க."

அப்படியென்றால் ஒன்றரை வருஷமாக நான் எதற்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தேன்? இன்ஸ்பெக்டர் சிரித்திருந்தால்கூடத் தேவலை. "செத்த வண்டிக்கு எப்டிப்பா நம்பர் குடுக்கிறது?" என்று நிஜமாகவே என்னிடம் யோசனை கேட்டார். திரும்பிப் பார்த்தேன், மாமா பஸ் ஏறிவிட்டிருந்தார்.

கார் போனது போகட்டும், கலாவும் போனாள் என்றே நினைத்தேன். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் மாமா ஒர்க்‌ஷாப்புக்கே வந்து நின்றார்.

"விஷயத்த சொன்னதுலேர்ந்து அவ சிரிச்சிக்கினே இருக்கா. கட்டுனா இவரத்தான் கட்டுவேங்கிறா. ஆனா ஒண்ணு மாப்ள, இனிமே எந்தப் பேப்பரா இருந்தாலும் அவ படிச்சப்புறந்தான் நீங்க கையெழுத்துப் போடணும்."

கல்யாணத்தைப் பதிவு செய்ய மேரிக்குப் போனோம் (அதாங்க, எங்கள் ஊர் முனிசிபல் ஆபீஸ்). பேனாவை எடுத்த என் கையைக் கலா பிடித்துக்கொண்டாள். பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, அத்தனை பேரும் நிற்க, முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தாள்.

"மாப்பிள்ளை உயிரோடதான் இருக்காருன்னு போட்டிருக்கு. போடுங்க."

இன்றைக்கும் எனக்கு எந்தத் தபால் வந்தாலும் பிள்ளைகள் அதை அவளிடம்தான் நீட்டுகிறார்கள். "அப்பா இருக்காரா, போயிட்டாரான்னு படிச்சி சொல்லும்மா."