மாமியாருக்கு ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீர்

டிராயிங் மாஸ்டரின் தலை ஃப்ரீசருக்குள் இருந்தது. மற்றதெல்லாம் வெளியே, ஒரு ஸ்டூலின் மேல் மண்டி போட்டிருந்தது. உள்ளே இருந்தபடியே அவர் ஏதோ சொன்னார். அது உறைந்துபோய் அங்கேயே தங்கிவிட்டது.

"என்ன சொல்றீங்க?" என்றாள் மனைவி.

தலை வெளியே வந்தது. மீசையில் பனி.

"சின்ன விஷயம்தான்னு சொன்னேன்."

இந்த வாக்கியத்தைக் கேட்டால் அந்த வீட்டில் நாற்காலிகளின் கால்கள்கூட நடுங்கும். ஒரு நாற்காலிக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை. அதற்குக் கால் இல்லை. மாஸ்டர் ரிப்பேர் செய்த அந்த நாற்காலியில்தான் போன தடவை மாமியார் உட்கார்ந்தார். பிறகு எழுந்தார் என்று சொல்ல முடியாது, எழுப்பினார்கள்.

தானே ஐஸ் போடும் இந்த ஃப்ரிட்ஜ் மாமியார் வீட்டுச் சீர். அவர்கள் புதிதாக ஒன்று வாங்கியதும், இதைப் பெண் வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று முதலில் சொன்னவர் மாமனார். வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற மனிதர் அவர். அன்று தானே வண்டி பிடித்து, தானே ஏற்றி, இறக்கி வைத்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார். மாமியாருக்குத்தான் மனமே இல்லை. "அந்தப் பெட்டி போடற ஐஸுக்கு ஒரு தனி ருசி உண்டு. புதுசுல அது வரலை" என்று போனில் புலம்பிக்கொண்டே இருந்தார்.

அந்தத் தனி ருசியைப் பருக நாளை, ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் வருகிறார்கள். பெட்டியோ இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு துண்டு ஐஸ் போடவில்லை.

மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றாள் மனைவி. சொந்தக் கை இரண்டு இருக்கும்போது வாடகைக் கை எதற்கு என்றார் மாஸ்டர். அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள்.

"சரி. ஆனா இதுதான் கடைசி. அம்மா வர்றதுக்குள்ள ஐஸ் விழலைன்னா உங்க டூல்ஸ் பெட்டி பழைய இரும்புக் கடைக்கு."

மாஸ்டர் திடுக்கிட்டுப் பெட்டியைப் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவரோடு இருப்பது அது. அதைத் திறந்து உட்கார்ந்தால்தான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை விடிந்த மாதிரி இருக்கும்.

ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வளைந்த கம்பி ஒன்று உண்டு. தட்டுக்குக் கீழே உள்ள கூடையில் ஐஸ் நிரம்பினால் கம்பி மேலே போகும், இயந்திரம் நின்றுவிடும். கம்பி மேலேயே சிக்கியிருக்கிறது, அவ்வளவுதான் என்று மாஸ்டர் அதைக் கீழே தள்ளினார். 'கர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. சாயங்காலம் வரை சத்தம்தான் வந்தது.

அடுத்து அவர் படம் வரைந்தார். எதைக் கழற்றுவதானாலும் முதலில் படம் வரைந்துவிடுவது அவருடைய முறை. ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்துப் பார்த்தார். பின்பக்கம் தண்ணீர் வரும் மெல்லிய குழாய் மடிந்து கிடந்தது. அதை அப்படியே வரைந்து, பென்சிலால் நிழலும் கொடுத்தார். படம் பிரமாதமாக வந்தது. ஒரே குறை, அதில் எது குழாய், எது குழாயின் நிழல் என்று அவருக்கே தெரியவில்லை. நிழல் என்று நினைத்ததைப் பிடித்து இழுத்தார்.

குழாய் கையோடு வந்தது. தண்ணீர் எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரை அடித்து, இரண்டு மாதத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று. மாஸ்டர் கட்டைவிரலால் துவாரத்தை அடைத்துக்கொண்டு, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கும் தண்ணீர்த் திருகை மூடச் சொன்னார். அங்கே இரண்டு திருகு இருக்கிறதே, எது என்றாள் மனைவி. படத்தைப் பார்க்கச் சொன்னார். படம் நனைந்திருந்தது. அவள் இரண்டையும் மூடினாள்.

கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது. மாடி வீட்டு வக்கீல், இடுப்பில் துண்டோடும் தலை முழுக்க நுரையோடும், சுவரைத் தடவித் தடவி இறங்கி வந்திருந்தார்.

"கண்ணைத் திறக்க முடியலை" என்றார் வக்கீல். "எதிர்ல நிக்கறது யாருன்னு தெரியாது. ஆனா செஞ்சது யாருன்னு தெரியும்."

அவருக்காக, மாடிக்குத் தண்ணீர் போகும் திருகைத் திறந்துவிட்டார்கள். மாஸ்டர் குழாயை மறுபடி செருகி, டேப் சுற்றி, மேலே இன்னொரு சுற்றும் சுற்றி, மற்ற திருகையும் திறந்தார். இந்த முறை தண்ணீர் ஐஸ் தட்டுக்குள் ஒழுங்காகப் போயிற்று. மாஸ்டர் மார்பை நிமிர்த்திக்கொண்டு படுக்கப் போனார். போன தண்ணீருக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை என்பது காலையில்தான் தெரிந்தது.

ஃப்ரீசர் முழுவதும் ஒரே ஐஸ். ஒரே கட்டி. நடுவில் பட்டாணிப் பொட்டலம் ஒன்று, கண்காட்சிச்சாலையில் வைத்த மாதிரி பளிச்சென்று தெரிந்தது.

"ஐஸ் கேட்டோம், வந்துடுச்சு" என்றாள் மனைவி. "அம்மாவுக்குக் கடப்பாரையால உடைச்சுக் குடுங்க."

மாஸ்டர் தண்ணீரை நிறுத்தினார். அவள் குளிக்கப் போன சமயம் பார்த்து, அவளுடைய ஹேர் டிரையரைக் கொண்டுவந்து ஃப்ரீசருக்குள் காட்டினார். ஐஸ் உருகியது. அதோடு நிற்காமல் ஐஸ் தட்டும் இளகி, பழைய செருப்பு மாதிரி வளைந்துகொண்டது. ஹேர் டிரையர் கடைசியாக ஒரு பெருமூச்சு விட்டு அடங்கிற்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை கேட்டிருப்பீர்கள்; இங்கே குரங்குக்கும் வால் போயிற்று.

போன் அடித்தது. மாமியாரும் மாமனாரும் கிளம்பிவிட்டார்களாம்.

மாஸ்டர் டூல்ஸ் பெட்டியைப் பார்த்தார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவினார். தெருக்கோடி மீன்கடையில், மீன் வேண்டாம், ஐஸ் மட்டும் போதும் என்றார். கடைக்காரர் கவலையாக, யாருக்காவது அடிபட்டுவிட்டதா என்று கேட்டார்.

"இல்லை. மாமியார் வர்றாங்க."

கடைக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கூட இரண்டு கட்டி அள்ளிப் போட்டார்.

திரும்பி வந்த மாஸ்டர், மனைவி பார்க்காமல் பின்வாசலிலேயே உட்கார்ந்து, பேனாக்கத்தியால் கட்டிகளை ஒரே அளவாகச் செதுக்கினார். டிராயிங் மாஸ்டர் அல்லவா, நாலு மூலையும் நறுக்குத் தெறித்தாற்போல வந்தது. ஒரு தடவை அலசினார். இரண்டாம் தடவை அலசுவதற்குள் வாசல் மணி அடித்தது. ஐஸைக் கூடையில் கொட்டி, வளைந்த தட்டை உள்ளே ஒளித்துவைத்துவிட்டுக் கதவைத் திறக்க ஓடினார்.

மாமியார் நாற்காலிகளை ஒருமுறை பார்த்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்தார். மாமனார் வழக்கம்போல ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

"எல்லாம் இருக்கட்டும். முதல்ல அந்தப் பெட்டித் தண்ணி ஒரு டம்ளர் குடுடீ."

மனைவி தயங்கித் தயங்கி ஃப்ரீசரைத் திறந்தாள். கூடை நிறைய ஐஸ். அவள் கணவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கல்யாணமான புதிதில் இருந்த ஏதோ ஒன்று இருந்தது. மாஸ்டர் சுவரில் காலண்டர் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமியார் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். மாஸ்டர் மூச்சை நிறுத்தினார்.

"அதே ருசி" என்றார் மாமியார். "அப்படியே அதே ருசி. மாப்பிள்ளை, உங்க கையில ஏதோ இருக்கு. எங்க வீட்ல இவர்தான் சனிக்கிழமையானா இதுக்குப் பின்னாடி உட்கார்ந்து ரிப்பேர் பண்ணுவார். வேற ஒருத்தரைக் கிட்ட விடமாட்டார்."

இரண்டாவது டம்ளருக்குப் பிறகு, நாற்காலி விஷயத்தை மறந்துவிடலாம் என்றும் அவரே சொன்னார். மனைவி போய், டூல்ஸ் பெட்டியைத் தன் முந்தானையால் துடைத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.  உண்மையைச் சொல்லிவிடலாமா என்று மாஸ்டருக்கு ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணம் நல்லபடியாகக் கடந்து போயிற்று.

மாடி வக்கீலின் பூனை எப்படியோ உள்ளே வந்து, சாப்பாடு முடியும்வரை ஃப்ரிட்ஜ் கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை, மாமனாரைத் தவிர.

சாயங்காலம் பெண்கள் இருவரும் பேசிக்கொண்டே தெருவுக்குப் போய்விட்டார்கள். மாமனார் வாசலில் குனிந்து செருப்பு மாட்டினார். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார். நிமிர்ந்ததும் தெருப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மாஸ்டரின் தோளில் கை வைத்து, அந்த வருஷத்துக்கான வார்த்தைகள் அத்தனையையும் மெதுவான குரலில் ஒரேயடியாகச் செலவழித்தார்.

"அடுத்த தடவை மூணு தண்ணி விட்டு அலசிப் போடுங்க, மாப்பிள்ளை. எட்டு வருஷமா நான் மீன்கடையில வாங்கி அப்படித்தான் போட்டேன், உங்க அத்தைக்கு இன்னிவரைக்கும் தெரியாது."