எதிர் ஜன்னலைப் பார்த்த தட்டு

என் டப்பா ராஜாவுக்கு,

உங்கள் பெண்டாட்டி எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம் என்று எழுதினால் அது பொய். அங்கே நீங்கள் சுகமா என்று கேட்டால், செத்துப்போனவரிடம் சுகம் விசாரிக்கிறாள், இவளுக்கு மறை கழன்றுவிட்டது என்பார்கள். அதனால் அந்த இரண்டு வரியையும் விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்துப் பிழை இருக்கும். இருக்கும்போதே அதைச் சொல்லிச் சிரித்தவர்தானே நீங்கள், அங்கே உட்கார்ந்தும் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைசிவரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

என் எவர்சில்வர் தட்டு கிடைத்துவிட்டது.

இப்போது முகம் மாறியிருக்குமே. மாறட்டும். உங்கள் அம்மா எனக்குக் கொடுத்த பெரிய வட்டத் தட்டு, விளிம்பில் என் பெயர் வெட்டியது. காணாமல் போனபோது உங்கள் தங்கச்சிதான் தூக்கிக்கொண்டு போனாள் என்று நான் சண்டை போட்டு, அவள் அழுது, இரண்டு வீடும் பேச்சை நிறுத்தி, நீங்கள் நடுவில் உட்கார்ந்து டீயை ஊதி ஊதிக் குடித்தீர்களே, அந்தத் தட்டு. ஒரு வார்த்தை சொன்னீர்களா?

எப்படிக் கிடைத்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன். நம் பெண் வெளியூரிலிருந்து முன்னெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை முகம் பார்த்துப் பேசுவாள். நீங்கள் போன பிறகு தினமும் கூப்பிடுகிறாள், அம்மா தனியாக இருக்கிறாளே என்று. கூப்பிட்டு என்ன? நம் வீட்டுக்குள்தான் நெட்டு நொண்டியடிக்குமே. படம் வந்து, அவள் வாயைப் பாதி திறந்தபடி நின்றுவிடும். பெற்ற மகள் கொட்டாவி விடுகிறாளா, அழுகிறாளா, அம்மா என்று கூப்பிடுகிறாளா என்று தெரியாமல் நானும் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். "கட்டடம் பழசு, சுவர் தடிமன், சிக்னல் அப்படித்தான் இருக்கும்" என்று நீங்கள் சொன்னதை நம்பிச் சுவரைத் திட்டினேன். அந்தச் சுவரிடம் இப்போது மன்னிப்புக் கேட்டாயிற்று.

கீழ்வீட்டு ரிட்டையர்ட் கண்டக்டர் இதைக் கேள்விப்பட்டு, "வெள்ளித்தாள் ஒட்டுங்கம்மா, சிக்னலைப் பிடிச்சு இழுக்கும்" என்றார். கூடத்துச் சுவரெல்லாம் ஒட்டினேன். மிட்டாய்க் காகிதத்துக்குள் குடியிருக்கிற மாதிரி ஆயிற்றே தவிர ஒரு கோடு ஏறவில்லை. "அப்ப ஒரு குடைக்குள்ள ஒட்டிப் பிடிச்சுப் பாருங்க" என்றார். அதையும் செய்தேன். கூடத்து நடுவில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைக்குப் பார்த்துப் படம் பளிச்சென்று வந்தது. "அம்மா, வீடு ஒழுகுதா?" என்றாள் நம் பெண். "அட, ஒழுகல்லாம் இல்லடி" என்று நான் சொல்வதற்குள் படம் நின்றுவிட்டது. அவள் காதில் "ஒழுக" மட்டும் விழுந்திருக்கிறது. வீட்டு ஓனருக்குப் போன் போட்டு, அப்பா போனதும் அம்மாவை நனைய விடுகிறீர்களா என்று ஒரு பிடி பிடித்திருக்கிறாள். மறுநாள் ஒழுகாத வீட்டுக்குத் தார் பூச ஆள் வந்து நிற்கிறான். நான் குடையை ஒளித்துவைக்கிறேன்.

அப்புறம் கடையில் இரண்டு கொம்பு வைத்த அடாப்டர் ஒன்று வாங்கினேன். "கம்ப்யூட்டர்ல சொருகுங்கம்மா, பிச்சுக்கிட்டுப் போகும்" என்றார் கடைக்காரர். நம் வீட்டில் கம்ப்யூட்டர் ஏது என்று மூன்று மாடி ஏறி வந்த பிறகுதான் உறைத்தது. டிவிக்குப் பக்கத்தில் அதே மாதிரி ஓட்டை இருந்தது, சொருகினேன். இந்தப் பொருளை அடையாளம் தெரியவில்லை என்று டிவி எழுதிக் காட்டிற்று. எனக்கும் உன்னைத் தெரியாது போ என்று அணைத்துவிட்டேன்.

கடைசியில் பரணிலிருந்து உங்கள் மூட்டையை இறக்கினேன். பேக்கரி அடுப்படியில் காலமெல்லாம் நின்ற மனுஷனுக்கு டின்னைப் பார்த்தால் ரொட்டி நினைவு வரவேண்டும். உங்களுக்கு ஏரியல் நினைவு வரும். சும்மாவா டப்பா ராஜா என்று பேர் வைத்தேன்? பிஸ்கட் டின்னில் கம்பி குத்தியது, மாவுச் சல்லடை நடுவில் ஒயரைக் கட்டியது, எதற்கு என்று உங்களுக்கே மறந்துபோன கரண்டி ஒன்று. சல்லடையைத் துடைப்பக் கட்டையில் கட்டி பால்கனியில் நட்டேன். அரைமணி நேரத்தில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. சிக்னல் வரவில்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும். நம் பெண் ஒருநாள் சொல்கிறாள், "அம்மா, உன் முகம் சரியாவே தெரியல. நேத்து டெய்லர் அத்தைக்குப் போட்டேன், என்னா கிளியரா இருக்கு தெரியுமா! பக்கத்துல உக்கார்ந்து பேசற மாதிரி இருந்துச்சு. நீ இளைச்சுட்டேன்னு சொன்னாங்க."

எனக்கு எப்படி இருக்கும்? சந்துக்கு அந்தப் பக்கம், எதிர்க் கட்டடத்து மூன்றாம் மாடி. இங்கே தும்மினால் அங்கே கேட்கும். நீங்கள் நோயில் படுத்த பிறகு அவள் வீட்டில்தானே நான் மத்தியானமெல்லாம் பள்ளிக்கூடச் சட்டைக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைக்கிறேன். பெற்றவள் இளைத்தது பெற்ற மகளுக்கு முன்னால் அவளுக்குத் தெரிகிறதாம். என் பெண் முகம் அவளுக்கு முழுசாக, எனக்குப் பாதி வாயாக. அன்றைக்குத் தைத்த பட்டனையெல்லாம் அவள் பிரித்துத் திரும்பத் தைத்தாளாம். தைக்கட்டும்.

அதனால்தான் கேபிள்காரரைக் கூப்பிட்டேன். வந்தவர் கூடத்து வெள்ளித்தாளைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, மரியாதை தெரிந்த மனுஷன். நேராகப் படுக்கையறைக்குப் போய், உங்கள் கட்டில் பக்கத்து ஜன்னலுக்கு மேல் சிலாப்பில் ஏறிப் பார்த்தார். "காத்தோட்டமா இருக்கணும், இதைத் தொடாதே" என்று நீங்கள் நெட்டுப் பெட்டியை வைத்துத் துணி போட்டு மூடினீர்களே, அந்தத் துணியை எடுத்தார். எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"என்னம்மா இது, தட்டை மடக்கி வெச்சிருக்கீங்க?"

பெட்டிக்குப் பின்னால் என் தட்டு. நடுவில் வில்லு மாதிரி வளைத்து, நாடாவால் கட்டி, சந்துப் பக்கம் பார்த்து நிற்கிறது.

"வீட்டுக்குள்ள வரவேண்டியதை இது மறிச்சு மொத்தமா வெளியே தள்ளுது. அப்புறம் உங்களுக்கு எங்கேருந்து வரும்?" என்றவர், ஒரு கண்ணை மூடிக்கொண்டு தட்டு பார்க்கிற பக்கமே பார்த்தார். "நேரா அந்தத் தையக்கார அம்மா ஜன்னலுக்குப் போகுது. அங்க பிடிக்கிறதுக்கு ஒண்ணு வெச்சிருக்கணுமே. சார் கணக்காத்தான் செஞ்சிருக்காரு!"

சார் கணக்காகத்தான் செய்திருக்கிறார்.

அங்கே பிடிக்கிறது எது என்று யோசித்தேன். அவள் தையல் மெஷினுக்குப் பின்னால் சுவரில் சொருகியிருக்குமே பச்சை லைட்டு எரிகிற பிளக்கு, அதிலிருந்து ஒரு ஒயர் ஜன்னல் கம்பியில் கட்டின பால்பவுடர் டின்னுக்குப் போகுமே, அது! நான் அதைக் கொசு மெஷின் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அதற்கு மருந்து பாட்டில்கூட வாங்கிக்கொண்டு போய், எங்கே திருகுவது என்று தடவித் தடவிப் பார்த்தேன். அவள் சட்டைத் துணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த டின் எந்த டின்? நம் வீட்டு டின். நான் கழுவிக் காயவைத்த டின். என் பெயர் வெட்டின தட்டு இந்த ஜன்னலில், என் கையால் கழுவின டின் அந்த ஜன்னலில், இரண்டும் என் தலைக்கு மேலே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. நான் நடுவில் பட்டன் தைக்கிறேன்!

இப்போது எல்லாம் புரிகிறது. நான் அங்கே போய் ஊசியைக் கையில் எடுத்ததும் கூப்பிடுவீர்களே, முகம் பார்த்துப் பேசுகிற போன். "உப்பு டப்பா எங்கே?" கேட்கும்போதே உங்கள் தோளுக்குப் பின்னால் உப்பு டப்பா தெரியும். வைத்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் மறுபடி. "மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" அதற்கப்புறம், "ஏய், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பேன், வெளிச்சமே இல்ல." நான் திரும்புவேன். திரும்பினால் பின்னால் யார் தெரிவாள்? அவள்! மை தீட்டின கண்ணும் கழுத்தில் அளவு டேப்புமாக உட்கார்ந்திருப்பாள். "அண்ணே, சாப்டீங்களா?" என்பாள். அண்ணனாம் அண்ணன். உங்களுக்கு உடனே இருமல் நின்றுவிடும். "அந்தம்மா போடற தையல் ரூல் போட்ட மாதிரி இருக்கு" என்று என்னிடமே சொன்னீர்கள். நான் எடுக்கிற காஜாவைப் பற்றி வாயைத் திறந்தீர்களா? அவளுக்குக் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் நுழையும். எனக்கு நுழையாது. அதற்கு நான் என்ன செய்ய?

ஒருநாள் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டீர்கள், நினைவிருக்கிறதா? படுத்தபடுக்கையில் இருக்கிற மனுஷன், இஸ்திரி போட்ட நீலச் சட்டை. யாரும் வந்தார்களா என்று கேட்டேன். இல்லை, சும்மா என்றீர்கள். சும்மாவா?

தட்டைப் பிடுங்கியாயிற்று. சுத்தியலால் தட்டி நேராக்கிச் சமையலறையில் மாட்டியிருக்கிறேன். இப்போது வீடு முழுக்க நாலு கோடு. பாத்திரம் கழுவுகிற இடத்தில்கூட நாலு கோடு. நம் பெண் முழு வாயோடு பேசுகிறாள். தையல் வேலைக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். அவள் பால்கனியில் வந்து, "அக்கா, ஏன் வரல?" என்று கேட்டாள். முட்டி வலி என்றேன். "நான் வேணா வரட்டுமா?" என்றாள். என் முட்டிக்கு நீ எதற்கு என்று உள்ளே வந்துவிட்டேன். ஆனால் இன்றைக்குச் சாயங்காலம் நேரில் போய் நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன். உங்களைக் கேட்க முடியாது, தப்பித்துவிட்டீர்கள். அவளைக் கேட்கலாமே.

அங்கே பெரியவர்கள் யார் யார் இருக்கிறார்களோ எல்லோருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் அம்மாவிடம் தட்டு நெளிந்த கதையை மட்டும் சொல்ல வேண்டாம். குளிர் இருந்தால் காதை மூடிக்கொள்ளுங்கள். அது அக்கறையில் சொல்வதல்ல, பழக்கத்தில் வந்துவிட்டது.

இப்படிக்கு,
இத்தனை நாள் உங்களுக்கு நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தவள்.

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் படிக்காதீர்கள். படித்துவிட்டிருந்தால் மறந்துவிடுங்கள்.

போனேன். கேட்டேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "அதை அண்ணன் எப்ப மாட்டினாருன்னு உங்களுக்கு நெஜமாவே தெரியாதாக்கா?" என்றாள். நான் அவளிடம் வேலைக்குப் போக ஆரம்பித்த புதிதில், உங்களுக்கு மருந்து வாங்க நான் கடைக்குப் போன நேரம் பார்த்து, நீங்கள் மூன்று மாடி இறங்கி மூன்று மாடி ஏறி வந்திருக்கிறீர்கள். டாக்டர் ஒரு படிகூட இறங்கக் கூடாது என்று சொன்ன மனுஷன்! கையில் டின்னும் பிளக்குமாக வாசலில் உட்கார்ந்துவிட்டீர்களாம், பேச்சே வரவில்லையாம், ஒரு செம்புத் தண்ணீர் குடித்தீர்களாம். "அவகிட்ட சொல்லிடாதம்மா, மாடி ஏறுனேன்னு தெரிஞ்சா கொன்னுருவா. வீட்டுல மத்தியானம் ரொம்ப நீளமா இருக்கு" என்றீர்களாம். போகும்போது, "அவ கிளம்பிப் போனதும் பிளக்கைப் பிடுங்கிடு, கரண்ட் வீண்" என்றீர்களாம்.

"அக்கா, நீங்க ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் உக்காருவீங்க. அண்ணனுக்கு உங்க முகம் கருப்பாத்தான் தெரியும். அதான் திரும்பு திரும்புன்னு கத்துவாரு. நான் பின்னாடி படத்துல விழுந்தா, 'கொஞ்சம் நகரும்மா'ன்னு எனக்குக் கை காட்டுவாரு. நீங்கதான் கவனிச்சதே இல்ல" என்றாள். அப்புறம் நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னாள், "எனக்குத்தான் உங்களைப் பார்த்தா வயிறு எரியும். என் வீட்டுக்காரர் பக்கத்து அறையில இருந்தாக்கூட என்னைக் கூப்பிடறதில்ல. உங்களுக்கு உப்பு டப்பா எங்கேன்னு கேக்கவாவது ஒரு ஆள்."

நீங்கள் போன பிறகு அந்தப் பிளக்கைப் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லையாம். நான் தட்டை எடுத்த நாளிலிருந்து அது சிவப்பாக மின்னி மின்னி எதையோ தேடிக்கொண்டிருக்கிறதாம்.

வீட்டுக்கு வந்து தட்டை முட்டியில் வைத்து அழுத்தினேன். நீங்கள் மடக்கின இடத்தில் தானாகவே மடங்கிற்று. சிலாப்பில் ஏறி வைத்தேன். அவள் எதிர் ஜன்னலிலிருந்து சந்தே கேட்கும்படி கத்துகிறாள், "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்! ஐயோ, அது வலதுக்கா! ம்... ம்... பச்சை வந்துருச்சு!" கீழ்வீட்டுக் கண்டக்டர் ஓடிவந்து, நெருப்புப் பிடித்துவிட்டதா என்று மேலே பார்க்கிறார். உங்கள் தங்கச்சிக்கும் போன் போட்டு அழுதுவிட்டேன். நம் வீட்டுக்குள் மறுபடி ஒரு கோடுதான். இருக்கட்டும். நம் பெண்ணை, நான் அவள் வீட்டில் இருக்கிற மத்தியானத்தில் கூப்பிடச் சொல்லிவிட்டேன்.

இதை டெய்லர் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். போனில் நாலு கோடும் இருக்கிறது. முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி ஜன்னலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நம் ஜன்னல் நேரே தெரிகிறது. உப்பு டப்பா எங்கே என்று ஒரு தடவை கேட்க மாட்டீர்களா?