மச்சான் பெயரை அடித்தால் அணைந்துபோகும் கம்ப்யூட்டர்

தாராவி,
ஆயுத பூசை கழிந்த பத்தாம் நாள்.

தேவ்நாரில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் இசக்கிதுரை அவர்களுக்கு, தாராவி மாரிசெல்வம் இரண்டு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை முருகம்மாள், கல்யாணப் பெண் கோகிலவாணி மூன்று பேரும் முத்தாரம்மன் புண்ணியத்தில் சுகம். கடைக் கம்ப்யூட்டர் மட்டும் போன வாரம் சுகமில்லாமல் கிடந்து இப்போதுதான் தேறியிருக்கிறது. அங்கே நீங்கள் சுகமாக இருப்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைக் கீழே சொல்கிறேன், கோபப்படக் கூடாது.

ஒரு பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரத்துக்கு எதற்கு லெட்டர் என்று கேட்பீர்கள். ஆறு வருடமாக என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறீர்கள். நேரில் வந்தால் கதவு திறக்காது. முருகம்மாளிடம் மட்டும் பேசுகிறீர்கள், அவளும் என் பேச்சை எடுத்தால் உங்களுக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. எல்லாம் எங்கள் புது வீட்டுப் பால்காய்ப்புக் கார்டால் வந்த வினை. ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டரில் கார்டு அடித்துப் பிரஸ்ஸுக்குக் கொடுக்கிறவன், இருபத்து மூன்று பேர் பெயரைப் போட்டவன், சொந்த மச்சான் பெயரை விட்டுவிட்டேன். நீங்கள் கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, சீர்த்தட்டை வைத்துவிட்டு, போட்ட இலையில் உட்காராமல் போனீர்கள். அன்றைக்கு நான் பிரஸ்காரன் மேல் பழியைப் போட்டேன். தப்பு என்னுடையதுதான். இத்தனை நாள் ஒப்புக்கொள்ளாததை இப்போது எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறேன்.

போன மாதம் கோகிலவாணிக்கு நிச்சயம் ஆனதும், "மொதல்ல கார்டு வரட்டும். எம்பேரு எங்கன கெடக்குன்னு பாத்துட்டு, வாரதா வேண்டாமான்னு சொல்லுதேன்" என்று முருகம்மாளிடம் சொன்னீர்களாம். அதைக் கேட்ட கோகிலவாணி, "மாமா கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகாம நான் மணவறையில ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். ஐப்பசி இருபத்தாறு, மாட்டுங்கா மண்டபத்தில் முகூர்த்தம். பெண் ஏறுவாளா மாட்டாளா என்பது ஒரு கார்டில் வந்து நிற்கிறது. இந்தத் தடவை முதல் பெயரே மச்சான் பெயர்தான், அதுவும் என் பெயரைவிட இரண்டு சைஸ் பெரிய எழுத்தில், என்று முடிவு கட்டினேன். நான் ஒன்றை முடிவு கட்டினால் விட மாட்டேன் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆயுத பூசை அன்று கட்டிங் மெஷின், பிரிண்டர், கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். கம்ப்யூட்டருக்கு மட்டும் விசேஷக் கவனிப்பு. மச்சான் பெயர் இந்தத் தடவை விடுபடாமல் வர வேண்டும் தாயே என்று வேண்டிக்கொண்டு, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, பெட்டிக்கு முன்னால் மூன்று, பின்னால் ஐந்து என்று அப்பி, திருநீறு தூவி, ஈரம் சொட்டுகிற சாமந்தி மாலையை அதன் மேல் சுற்றிப் போட்டேன். மறுநாள் நல்ல நேரம் பார்த்து உட்கார்ந்தேன். சொந்தக்காரர் பெயர்கள் எல்லாம் அந்தப் பழைய பால்காய்ப்புக் கார்டில் வரிசையாக இருந்ததால், அதையே எடுத்துத் தேதி, மண்டபம், மாப்பிள்ளை பெயர் எல்லாவற்றையும் மாற்றி சேவ் செய்தேன். உங்கள் பெயரை ஆற அமரப் போடலாம் என்று கடைசிக்கு வைத்திருந்தேன். 'தாய்மாமன் திரு. இசக்கி' என்று அடித்தேன். டப்பென்று ஒரு சத்தம், ஸ்கிரீன் கறுப்பு. துரை வருவதற்குள் போய்விட்டது.

திரும்பப் போட்டேன், வந்தது. பெயரை அடித்துப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன், சேவ் செய்வதற்குள் போய்விட்டது. இப்படி நாலு தடவை. முருகம்மாள் வாசலில் நின்று, "எங்கண்ணன் வயித்தெரிச்சலு சும்மா விடுமா?" என்றாள். பக்கத்துக் கடை ஷேக் பரீத், தோல் பை தைக்கிறவர், மேலப்பாளையத்துக்காரர், எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, கரண்டு பத்தலை. எங்க மெசினு அஞ்சும் ஓடுதுல்லா, அதான் ஒம்ம பொட்டி மூச்சு முட்டிக் கெடக்கு" என்றார். நல்ல மனுசன், அஞ்சையும் நிறுத்தி ஆட்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். நான் அடித்தேன். அணைந்தது. "அண்ணாச்சி, இனி நிறுத்தணும்னா எங்கிட்ட சீலிங் ஃபேனுதான் பாக்கி" என்றவர், கொஞ்ச நேரம் யோசித்து, "பேரு நீளமா இருக்குல்லா, சுருக்கி இ. துரைன்னு போட்டுட்டா என்ன?" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "பாய், பேர விட்டதுக்கே ஆறு வருசம். பாதிப் பேரு போட்டா எத்தனை வருசம்னு நீரே கணக்குச் சொல்லும்" என்று அனுப்பிவிட்டேன்.

ரிப்பேர்காரன் ஒருத்தன் வந்தான். பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "ஃபார்மட் கர்னா படேகா" என்றான், ஃபார்மட் அடித்தே ஆக வேண்டுமாம். ஃபார்மட் அடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் துடைத்துப் போய்விடும், கல்யாணக் கார்டும் சேர்ந்து. போய்யா நீயும் உன் ஃபார்மட்டும் என்று அவனையும் அனுப்பிவிட்டு, நானே ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். ராம் என்று ஒரு பட்டை இருக்கும், அதைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் தேய்த்தால் சரியாகும் என்று எல்லோரும் சொல்வார்கள். கோகிலவாணியின் பழைய ரப்பர் பாதியாகும் வரைக்கும் தேய்த்தேன். மாட்டினேன். முன்பு பத்து நிமிடத்தில் அணைந்தது, மூடி திறந்திருந்ததில் இருபத்தைந்து நிமிடம் தாங்கியது, அப்புறம் அணைந்தது. ஏதோ சூட்டு சமாச்சாரம் என்று அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. டேபிள் ஃபேனை எடுத்து நேராக அதன் வாயில் வைத்துப் போட்டேன். திருநீறும் காய்ந்த சாமந்தியும் கிளம்பி என் முகத்திலும், அச்சுக்கு ஃபிலிம் வாங்க வந்து நின்ற கஸ்டமர் முகத்திலும் அப்பிவிட்டன.

இனிமேல் வருவதுதான் நீங்கள் கோபப்படக் கூடாத இடம். உங்கள் மகன் சுரேந்திரன், ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறானே, அவன் ஞாயிற்றுக்கிழமைதோறும் உங்களுக்குத் தெரியாமல் அத்தைக்குப் போன் போடுகிறான். நீங்கள் சுகமாக இருப்பது அப்படித்தான் எனக்குத் தெரியும், சுகர் ஏறியிருப்பதும் தெரியும். அவனைத் திட்டாதீர்கள், தங்கமான பிள்ளை. இந்தத் தடவை நான் போனைப் பிடுங்கி வீடியோவில் பேசினேன். "மாமா, டென்ஷன் மத் லோ, கவலய விடுங்க. கேமராவ பெட்டிக்குள்ள காட்டுங்க. ஃபேன் சுத்துதா?" என்றான். சுத்தவில்லை. பின்பக்கத்துச் சந்தனம் ஓட்டை வழியாக உள்ளே ஒழுகி சிமெண்டுபோலக் காய்ந்திருந்தது, மாலை நூல் வேறு ஃபேனில் சிக்கிக் கிடந்தது. "அரே மாமா, காத்துப் போற வழிய அடைச்சா சூடு தாங்காம அதுவே ஆஃப் ஆகத்தானே செய்யும்? யாரு செஞ்சது?" என்றான். எலியாக இருக்கும் என்றேன். "எலி சந்தனம் வைக்குமா மாமா?" என்று கேட்டான், நான் கேமராவைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

நான் வேண்டிக்கொண்டு வைத்த சந்தனமே உங்கள் பெயரை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறது மச்சான். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. பழைய டூத் பிரஷை எடுத்து உட்கார்ந்தேன். நூலை வெட்டினேன், ஃபேனைச் சுரண்டினேன், உள்ளே பொட்டு மாதிரி வட்டமாக ஒரு பேட்டரி இருந்தது, அதையும் கழற்றி அடியில் துடைத்து மாட்டினேன். பெட்டி பழையபடி உயிர் பிடித்தது. மூலையில் தேதி மட்டும் 2009 என்று காட்டியது. சுரேந்திரன், "மாமா, பேட்டரியக் கழத்துனா தேதி பின்னால போயிரும், மொதல்ல அத மாத்துங்க" என்று என்னவோ சொன்னான். கல்யாணத் தேதி சரியாக இருந்தால் போதாதா, கம்ப்யூட்டருக்கு எதற்குத் தேதி என்று போனை வைத்துவிட்டேன். உங்கள் பெயரை முழுசாக அடித்தேன். அணையவில்லை. பெரிதாக்கினேன். அணையவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று தனி ஃபைலாக சேவ் செய்தேன். பரீத் பாய் கை தட்டினார்.

மறுநாள் அந்த ஃபைலை எடுத்து பிரஸ்ஸுக்குக் கொடுத்து ஐநூறு கார்டும் வந்துவிட்டது. ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். பிரித்துப் பாருங்கள், முதல் பெயர் யார் பெயர் என்று நீங்களே சொல்லுங்கள். இத்தனை பாடுபட்டுப் போட்ட பெயர். பழசை மறந்து கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்து, முன்னால் நின்று நடத்திக் கொடுக்க வேண்டும். முருகம்மாள் மதினியை மிகவும் கேட்டதாகச் சொன்னாள். சுகருக்கு மாத்திரையை விடாதீர்கள். அம்மன் உங்களையும் உங்கள் வீட்டையும் குளிரக் குளிர வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை புருசன்,
மாரிசெல்வம்.

பின்குறிப்பு: கவரில் வைப்பதற்காகக் கார்டின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கோகிலவாணி இப்போதுதான் கேட்டாள்: "அப்பா, இதுல மாமா பேரு எங்க?" எங்கள் கடையில் ஃபைலுக்குப் பெயர் வைக்க யாருக்கு நேரம்? பட்டியலில் மேலே நிற்பதுதான் கடைசியாகச் செய்தது, இருபது வருடப் பழக்கம். உங்கள் பெயர் போட்ட ஃபைலை 2009இல் செய்தது என்று கம்ப்யூட்டர் அடியில் தள்ளிவிட்டது. பெயர் போடாத முதல் ஃபைல் மேலே நின்றது. அதைத்தான் கொடுத்திருக்கிறேன். ஐநூறிலும் உங்கள் பெயர் இல்லை. மேலே நான் பீற்றிக்கொண்டதை அடித்துவிட்டுப் படிக்கவும். இந்தத் தடவை பிரஸ்காரன் மேல் பழி போடவில்லை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம், தோல் பைகள் சப்பிப்போகாமல் உள்ளே கசக்கித் திணிப்பதற்கு, பரீத் பாய்க்குக் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு கார்டில் கோகிலவாணி தன் கையால் உங்கள் பெயரை எல்லோருக்கும் மேலே எழுதியிருக்கிறாள். ஹிந்தி ஸ்கூலில் படித்த பிள்ளை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து உங்கள் வாசலில் நிற்பதும் அவள்தான். எனக்குத் திறக்க வேண்டாம், அவளுக்குக் கதவைத் திறங்கள். நீங்கள் கடைக்கு வந்து ஸ்கிரீனில் உங்கள் பெயரை நீங்களே படித்து, "சரி மாப்ளே" என்று சொன்ன பிறகுதான் புதுக் கார்டு அச்சுக்குப் போகும். அந்தப் பக்கத்தைத் திறந்தே வைத்திருக்கிறேன் மச்சான். நீங்கள் வரும்வரை அணைக்க மாட்டேன்.