கோட்டைச்சாமி கொய்யாவை வெட்டிய ஐந்து நாள்

தன் தோட்டத்தில் தன் சொல்தான் நடக்க வேண்டும் என்று கோட்டைச்சாமி முடிவு கட்டியது தொண்ணூற்று நாலாம் வருசம், ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அருப்புக்கோட்டையில் விவசாயிகள் முகாம். கொய்யாவை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் புதுக்கிளை வெடிக்கும், அதில்தான் பூப் பிடிக்கும். நடுவில் கிடக்கிற காலி இடத்திலும் கன்று வைத்து நெருக்கிவிட்டால் அதே கிணற்றுத் தண்ணிக்கு இரட்டை மகசூல் என்றார் ஆபீசர். அங்கே போட்ட வடையும் நன்றாக இருந்தது. மனுசன் முழுசாக நம்பிவிட்டார்.

வந்ததும் பெண்டாட்டி தங்கச்செல்வியிடம் அறிவித்தார்.

"ஏ புள்ள, இருபத்தஞ்சு மரத்தையும் வெட்டப் போறேன்."

"எதுக்கு? அடுப்புக்கா?"

"மகசூலுக்கு! உச்சியில காய்க்கிறதெல்லாம் கிளிக்கும் வவ்வாலுக்கும்தான போகுது?"

"அதுகளாச்சும் மரத்துப் பக்கம் வருதுக. நீங்க என்னைக்கு வந்தீக?"

"இது என் தோட்டம்!"

"எங்கண்ணன் வீட்டுக் காதுகுத்துக்கு நாளைக்குக் காரியாபட்டி போறேன். வர அஞ்சு நாளாகும். மரத்துல கைய வச்சீக, அங்கனயே இருந்துக்கிருவேன். ஒரு இலை உதிரக் கூடாது."

அஞ்சு நாள்! கோட்டைச்சாமிக்கு உள்ளுக்குள் குலவைச் சத்தம். ஆனால் யாரை வைத்து வெட்டுவது? ஊரில் கூலிக்கு வருகிற அத்தனை பேரும் தங்கச்செல்வி கூப்பிட்டால்தான் வருவார்கள். ஒருத்தனிடம் மூச்சு விட்டாலும் அடுத்த பஸ்ஸில் சேதி காரியாபட்டிக்குப் போய்விடும். பிறந்ததிலிருந்து வரப்பில் குடை பிடித்து நின்று வேலை வாங்கிய மனுசன், வேறு வழியில்லாமல் தானே ரம்பத்தைத் தூக்கினார்.

முதல் நாள் அஞ்சு மரம். கை கொப்பளித்தது. இரண்டாம் நாள் கொப்புளம் உடைந்தது. மூன்றாம் நாள் சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனைத் தேடினார், அழுகையே வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்து வீரபத்திரன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"என்ன மாமா, நீங்களா வேலை பாக்கிறீக? உடம்புக்கு ஏதும் சரியில்லையா?"

"போலே அங்கிட்டு! அவகிட்டச் சொன்ன, தொலைச்சிருவேன்."

ஐந்தாம் நாள் கடைசி மரமும் மொட்டையானது. வெட்டுவாயெல்லாம் சாணி பூசி முடித்தபோது முதுகு நிமிரவில்லை. ஆனால் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. வரட்டும், கத்துவாள், அழுவாள், வெட்டியது வெட்டியதுதான் என்று வாசலில் நின்றார்.

தங்கச்செல்வி ஒரு லோடு வண்டியில் வந்து இறங்கினாள். தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். கத்தவில்லை.

"சுத்தமா வெட்டியிருக்கீக."

"கோவமில்லையா?"

"எதுக்கு? பொம்பளைகளுக்கு உங்களுக்கு முந்துன நாளே முகாம் நடந்துச்சு. நானும்தான் போயிருந்தேன்."

"பெறகு ஏன் வேண்டாம்ன?"

"சரின்னுருந்தா நாலு ஆளை விட்டுட்டு நீங்க கட்டில்ல மல்லாந்திருப்பீக. வேண்டாம்னேன், உடம்பு வணங்குச்சு."

வண்டியிலிருந்து டிரைவர் கொய்யாக் கன்றுகளை இறக்கிக்கொண்டிருந்தான். இறக்க இறக்க வந்துகொண்டே இருந்தது.

"நடுவுல வைக்கிற கன்னு," என்றாள் தங்கச்செல்வி. "நாளைக்கு மல்லாங்கிணத்துல எங்க சின்னம்மா வீட்டுக்குப் போறேன். வர மூணு நாளாகும். அதுவரைக்கும் ஒரு குழிகூடத் தோண்டிராதீக, சொல்லிப்புட்டேன்."

கோட்டைச்சாமி கன்றுகளை ஒவ்வொன்றாக எண்ணி முடித்தார். அப்புறம் கேட்டார்: "கடப்பாரை எங்க இருக்கு?"