பின்தையலில் இரண்டு இஞ்ச்

இடுப்பைக் குறைப்பதற்குப் பதிலாகப் பேன்ட்டைப் பெரிதாக்கிவிடுவது என்று தையற்காரர் முடிவு செய்தார். அறுபத்திரண்டு வயதில் ஒரு மனிதர் எடுக்கிற முடிவா இது என்று கேட்காதீர்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த எரிச்சலில் இருந்தார், பாவம்.

"சர்க்கரை நோய் இன்னும் வரல," என்றிருந்தார் டாக்டர். "ஆனா இன்சுலின் சொல்றதை உங்க உடம்பு கேக்க மாட்டேங்குது. கழுத்து ரத்தக்குழாய்லயும் லேசா தடிப்பு ஆரம்பிச்சிருக்கு. நாள் பூரா மிஷின்லயே உக்காந்திருக்கீங்க."

"உடம்பு மட்டுமா டாக்டர்? ஆளே அப்படித்தான்," என்றாள் மனைவி. "முப்பது வருஷமா யார் சொல்றதையும் கேட்டதில்ல."

மூன்று மாதம் கெடு. தினமும் அரைமணி நடை. இடுப்பு இரண்டு இஞ்சாவது இறங்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் மனைவி தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டாள். பேன்ட் தளர்ந்தால்தான் டீயில் சர்க்கரை.

தளர்த்துவது பெரிய வித்தையா என்ன? வாடிக்கையாளர் பெருத்தால் உதவட்டும் என்று எந்தப் பேன்ட்டுக்கும் பின்தையலில் இரண்டு இஞ்ச் துணி விட்டுவைப்பவர் அவர். கடைத் துணிகளுக்குக் கொக்கியும் பட்டனும் வைப்பது வீட்டில் மனைவியின் வேலை. அந்த மூட்டைக்குள் தன் பேன்ட்டுகளையும் ஒளித்துக் கடைக்குக் கொண்டுபோனார். அரை இஞ்ச் பிரித்துத் தைத்தார். அந்தச் சந்தோஷத்தில் ஒரு கிரீம் பன்னும் சாப்பிட்டார்.

"பாரு, எப்படித் தளர்ந்திருக்கு."

"அட, ஆமாங்க," என்று அரை ஸ்பூன் போட்டாள் மனைவி.

புதன்கிழமை அதே பேன்ட்டைப் போட்டால் இடுப்பைப் பிடித்தது. முன்பைவிட அதிகமாகவே பிடித்தது.

"துவைச்சதுல சுருங்கிடுச்சா?"

"ஆறு வருஷப் பேன்ட் இப்பவா சுருங்கும்? வயிறு போட்டிருக்கும்."

அடுத்த வாரம் இன்னொரு அரை இஞ்ச் பிரித்தார். மறுபடியும் பிடித்தது. நாலாவது வாரம் விட்டுவைத்த துணியே தீர்ந்துபோயிற்று. இரண்டு இஞ்ச் விட்டும் மூச்சு முட்டுகிறதென்றால், தான் எவ்வளவு பெருத்திருக்க வேண்டும்? டேப் கழுத்திலேதான் தொங்கியது. இடுப்பில் போட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை. டாக்டர் சொன்ன குழாய் நினைவுக்கு வந்து கழுத்தைத் தடவிக்கொண்டார். நிஜமாகவே பயந்துவிட்டார்.

யாரிடம் சொல்வது? சொன்னால் பிரித்த கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே. வாயை மூடிக்கொண்டு தெருவைச் சுற்றிக்கொண்டு கடைக்கு நடந்தார். பன் கடைப்பக்கம் திரும்பவில்லை. சர்க்கரை இல்லாத டீயை மருந்து மாதிரி குடித்தார். ஒரு பேன்ட் தைத்து முடித்தால் எழுந்து தெருமுனை வரை போய்வந்தார்.

மூன்றாவது மாதம் டாக்டர் காகிதங்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "இப்ப இன்சுலின் சொன்னா உடம்பு கேக்குது. குழாய்த் தடிப்பும் ஏறல. இடுப்பு மூணு இஞ்ச் குறைஞ்சிருக்கு."

"குறைஞ்சிருக்கா? டேப்பைச் சரியாப் பிடிச்சீங்களா டாக்டர்?"

வீட்டுக்கு வருவதற்குள் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"பாத்தியா? இதுக்குப் பேர்தான் மன உறுதி."

"பாத்தேன். பேன்ட்டைக் கழட்டிக் குடுங்க."

"எதுக்கு?"

"கொக்கியைப் பழைய இடத்துல வைக்கணும். நீங்க பின்னால அரை இஞ்ச் பிரிச்சா, நான் முன்னால கொக்கியை முக்கால் இஞ்ச் உள்ள தள்ளி வச்சேன். நீங்க நிறுத்தின பிறகும் நான் நிறுத்தல."

தையற்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷத்தில் ஒரு நாளாவது கொக்கியைத் திரும்பிப் பார்த்திருப்பாரா?

"நான் எவ்வளவு பயந்தேன் தெரியுமா?"

"தெரியும். டாக்டர் சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. நீங்க பாட்டுக்குப் பன் சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. என் பயத்துல பாதியை உங்களுக்கும் குடுத்தேன்."

தையற்காரர் எழுந்துபோய், வேட்டிக்கு மாறி, பேன்ட்டைக் கொண்டுவந்து நீட்டினார். அவள் பின்தையலைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"நாலு தடவை பிரிச்சும் கோணல்தான். இனிமே உங்க பேன்ட்டுக்குப் பின்தையலும் நானே போடறேன்."